‘லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?’

ஒரு பழைய கோட்டு விற்பது இவ்வளவு பெரிய பாடா? பாடுதாங்க. நான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

நல்ல கம்பளித் துணி எடுத்து, நல்ல டெய்லரிடம் கொடுத்துத் தைத்த கோட்டு, பேன்ட். என் ரிசப்ஷனில் சில மணிநேரம் போட்டது. லைனிங் கிழியவில்லை, பட்டன் குறையவில்லை. துணி, கூலி எல்லாம் சேர்த்து அப்போதே 18,000 ரூபாய். இன்றைக்கு என் உடம்புக்கு ஏறாது. யாராவது ஒரு கல்யாண மாப்பிள்ளைக்கு ஆகுமே என்று ஆன்லைனில் 4,500 ரூபாய்க்குப் போட்டேன். கூடவே ஆபீஸ் ஃபார்மல் சட்டைகள் கொஞ்சம். கொரோனாவுக்குப் பிறகு டி-ஷர்ட்டில் ஆபீஸ் போகிற காலம் வந்துவிட்டது. அந்தச் சட்டைகள் அயர்ன் மடிப்புக் கலையாமல் அப்படியே இருக்கின்றன.

போட்ட நிமிடத்திலிருந்து போன் ஓயவில்லை. ‘அவைலபிளா?’ ‘இருக்குங்க’ என்று உடனே பதில் போடுகிறேன். அவ்வளவுதான். அந்தப் பக்கம் சத்தமே கிடையாது. இந்தக் கேள்வியை டைப் பண்ணக்கூட வேண்டாம், சில ஆப்பில் பட்டனே வைத்திருக்கிறார்கள். போகிற போக்கில் அதை அழுத்திவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எதிரே ஒருவன் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டுப் பதில் சொல்கிறானே, அந்த நினைப்பு வேண்டாமா?

அதைத் தாண்டி வருகிறவர் கேட்பது, ‘லாஸ்ட் ப்ரைஸ் என்ன ப்ரோ?’ துணி என்ன என்று கேட்கவில்லை, அளவு கேட்கவில்லை, இன்னொரு போட்டோ கேட்கவில்லை. முதல் வார்த்தையே கடைசி விலை!

பேரம் பேசுவது தப்பே இல்லை. ரங்கநாதன் தெருவில் பேரம் பேசிப் பழகியவர்கள்தானே நாம். அங்கே பேரம் பேசுகிறவர் சட்டையைக் கையில் எடுப்பார், தையலைப் பார்ப்பார், தோளில் வைத்துப் பார்ப்பார், அப்புறம் ஒரு விலை கேட்பார். கடைக்காரர் ‘சரி, எடுத்துக்கோங்க’ என்றால் பணத்தைக் கொடுத்து வாங்கிக்கொண்டு போவார். அந்தப் பேரத்தில் பொருளுக்கும் மரியாதை இருந்தது, ஆளுக்கும் மரியாதை இருந்தது. இங்கே 4,500 ரூபாய்க் கோட்டை 500க்குக் கேட்கிறார்கள். ‘தம்பி, தையல் கூலியே அதைவிட எவ்வளவோ அதிகம்ப்பா’ என்றால், ‘பழசுதானே ப்ரோ’ என்று பதில் வருகிறது. பழசுதான். அதனால்தானே 18,000 ரூபாய்க் கோட்டு 4,500க்கு வந்து நிற்கிறது?

அளவு விவகாரம் தனிக்கதை. ஆம்பளைத் துணியில் என்ன பெரிய அளவு என்று நினைப்பீர்கள். சட்டைக் காலரில் 40 என்று போட்டிருக்கும். ஒரு கம்பெனியில் அது கழுத்துச் சுற்றளவு, சென்டிமீட்டரில். இன்னொரு கம்பெனியில் அதே 40 மார்பளவு, இஞ்சில். இதில் ஸ்லிம் ஃபிட், ரெகுலர் ஃபிட் வேறு. தைத்த கோட்டில் நம்பரே இருக்காது. ஆகவே டேப் வைத்து அளந்து தோள், மார்பு, கை நீளம், இடுப்பு, உள்கால் நீளம் எல்லாவற்றையும் விளம்பரத்திலேயே எழுதுகிறேன். இடுப்பில் பிரித்துவிட உள்ளே துணி இருக்கிறது, கையை ஆல்ட்டர் பண்ணிக்கொள்ளலாம், ஆனால் தோள் மட்டும் சரியாக உட்காரவேண்டும், தோளை மாற்றுவதென்றால் கோட்டையே பிரிக்கவேண்டி வரும் என்பது வரைக்கும் எழுதுகிறேன். அதற்கும் கீழே வந்து நிற்கிறது கேள்வி: ‘எனக்கு ஃபிட் ஆகுமா ப்ரோ?’

அவரையும் முழுக்கக் குறை சொல்ல மனம் வரவில்லை. தன் தோள் அளவு என்ன என்று இந்த நாட்டில் எத்தனை ஆண்களுக்குத் தெரியும்? உலகத்துக்கே பனியன் தைத்து அனுப்புகிற திருப்பூர் நம்மிடம் இருக்கிறது. ஆனால் நம் உடம்புக்கென்று ஒரு பொது அளவு வேண்டும் என்ற யோசனையே தாமதமாகத்தான் வந்தது. ஃபேஷன் படிப்பு சொல்லித்தரும் மத்திய அரசின் நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியாசைஸ்’ என்று ஒரு திட்டம் போட்டது. ஆறு நகரங்களில் 25,000 பேருக்கு மேல் 3டி ஸ்கேனரில் அளப்பது என்று ஏற்பாடு. டெல்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத், ஷில்லாங். பட்டியலில் சென்னையும் இல்லை, திருப்பூரும் இல்லை. தைக்கிற ஊரை விட்டுவிட்டு அளவெடுக்கத் திட்டம் போட்டார்கள். வயிறு எரியாதா?

அளவுக் கேள்வியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒருநாள் ஒருவர் கேட்டார், ‘செத்தவங்க போட்டதா சார்?’ படித்துவிட்டு நான் கொஞ்சநேரம் பேசவே இல்லை. என் ரிசப்ஷன் கோட்டுங்க அது.

பழைய துணி என்றால் நமக்கு ஒரு கூச்சம் இருக்கிறது, தெரியும். போகிக்குப் பழசைக் கொளுத்துகிறோம், தீபாவளிக்குப் புதுசு உடுத்துகிறோம். பழைய துணிக்குப் பாத்திரம் தருகிறவர் தெருவில் வந்தால் நாலு பேன்ட்டைப் போட்டுவிட்டு ஒரு எவர்சில்வர் பேசின் வாங்குகிறோம். ஆனால் அதே பேன்ட்டை இன்னொரு மனிதர் காசு கொடுத்து வாங்கிப் போட்டால் அது கௌரவக் குறைச்சல். செகண்ட் ஹேண்ட் காரில் இந்தக் கூச்சம் வருவதில்லை. செகண்ட் ஹேண்ட் போனில் வருவதில்லை. அவ்வளவு ஏன், ரிசப்ஷனுக்கு வாடகைக்கு ஷெர்வானி எடுக்கிறோமே? அது எத்தனை பேர் தோளில் ஏறி இறங்கியது என்று யாராவது கேட்கிறோமா? வாடகைக்கு என்றால் அந்தஸ்து, விலைக்கு என்றால் தீட்டா?

சரி, இதையெல்லாம் கடந்து ஒருவர் வாங்குகிறேன் என்கிறார் என்று வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை குரோம்பேட்டை ஸ்டேஷன் வாசலில் பார்க்கலாம் என்கிறார். ‘ஆன் தி வே ப்ரோ’ என்று மெசேஜும் வருகிறது. கோட்டைக் கவரில் போட்டு, கசங்காமல் கையில் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்கிறேன். போன் ஸ்விட்ச் ஆஃப். வீடு திரும்பிப் பார்த்தால் என்னை பிளாக் பண்ணியிருக்கிறார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் என்ன சண்டைக்கா போகப்போகிறேன்?

இன்னொருவர் வீட்டுக்கே வந்தார். 4,000 என்று முன்பே பேசி முடித்த விலை. வீடு தேடி வந்தவராயிற்றே என்று காபி கொடுத்தோம். போட்டுப் பார்த்தார். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்து, கூட வந்த நண்பரைப் போட்டோ எடுக்கச் சொன்னார். அப்புறம் நிதானமாக, ‘அண்ணா, கையில ரெண்டாயிரந்தான் இருக்கு’ என்றார். ஜிபே இருக்கிறதே தம்பி என்றால், ‘அதுலயும் அவ்ளோதாண்ணா.’ வீடுவரை வந்துவிட்டால் விற்கிறவன் இறங்கிவந்துதானே ஆகவேண்டும் என்ற கணக்கு அது. பேசிய பேச்சுக்கு ஒரு மதிப்பு கிடையாதா? கொடுக்கமாட்டேன் என்று அனுப்பிவிட்டேன். இரண்டாயிரம் ரூபாய் எனக்குப் பெரிசில்லை, அவர் செய்த விதம்தான் இன்னும் உறுத்துகிறது.

வெளியூருக்கு அனுப்பலாம் என்றால் கூரியர். கோட்டும் பேன்ட்டும் சேர்த்து ஒன்றரைக் கிலோதான் இருக்கும். ஆனால் கோட்டைச் சுருட்டித் திணிக்க முடியாது, தோள் நசுங்கிவிடும். பெரிய அட்டைப்பெட்டி வேண்டும். பல கூரியர்களில் பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருவதை எடை என்று எடுத்துக்கொள்கிறார்கள். 60க்கு 40க்கு 10 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 4.8 கிலோ. காற்றுக்கும் சேர்த்துக் காசு. அதை வாங்குகிறவரிடம் சொன்னால், ‘ஃப்ரீ டெலிவரி இல்லையா?’ என்கிறார்.

இதற்கு நடுவே ஒருத்தர் பேரமே பேசமாட்டார். அங்கேதான் பயப்படவேண்டும். ‘நான் ஆர்மியில் இருக்கிறேன் சார், என் ஆளை அனுப்புகிறேன், பணம் இப்பவே போடுகிறேன்’ என்பார். ராணுவ உடையில் போட்டோ, ஐ.டி. கார்டு எல்லாம் வரும். பின்னாலேயே ஒரு க்யூஆர் கோடு. ‘ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்.’ தயவுசெய்து மனதில் எழுதிக்கொள்ளுங்கள்: யுபிஐயில் பணம் வாங்குவதற்கு ஸ்கேன் பண்ணவேண்டாம், பின் போடவேண்டாம். பின் போட்டால் பணம் நம் கணக்கிலிருந்துதான் போகும். பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பி ஏமாற்றுவது மிஞ்சிப்போய், தனிநபர்களுக்கு இடையிலான அந்த வசதியையே யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. 2025 அக்டோபரிலிருந்து நிறுத்தவேண்டி வந்தது. க்யூஆர் தந்திரம் மட்டும் ஓயவில்லை. ஏமாந்துவிட்டால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ணுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

அந்த ஆசாமியைப் பற்றி நான் ஆப்பில் புகார் கொடுத்தேன். ஸ்கிரீன்ஷாட் எல்லாம் வைத்தேன். ‘எங்கள் விதிகளை இவர் மீறவில்லை’ என்று பதில் வந்தது. அதே ராணுவப் போட்டோ மறுபடி வேறு பெயரில் வந்து என் சட்டைக்கு விலை கேட்டது! 2020ல் வந்த இ-காமர்ஸ் விதிகளின்படி நுகர்வோர் புகாரை 48 மணிநேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். அதெல்லாம் வாங்குகிறவரை மனதில் வைத்து எழுதியது. வீட்டுப் பழந்துணியை விற்க வந்தவன் யாரிடம் போய் நிற்பான்? விளம்பரத்தை மேலே தூக்கிக் காட்டக் காசு வாங்கத் தெரிகிறது. திருடனை வெளியே நிறுத்த மட்டும் ஏன் ஆள் இல்லை?

இதில் என்னை அதிகம் நோகடிப்பது வேறு ஒன்று. ஒரு வெள்ளைச் சட்டையின் கஃப்பில் லேசான கறை. அதைக் கிட்டத்தில் போட்டோ எடுத்து, கறை இருக்கிறது என்று எழுதியும் போட்டேன். கேட்டவர்கள் எல்லாம் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பாதி விலைக்கு இறங்கினார்கள். பக்கத்திலேயே இன்னொருவர், கம்பெனி வெப்சைட்டில் மாடல் போட்டிருக்கும் படத்தை எடுத்து ஒட்டி, ‘லைக் நியூ’ என்று எழுதுகிறார். அது உடனே விற்றுப்போகிறது. வாங்கி ஏமாந்தவர் அடுத்த தடவை என்னைப் போன்றவனையும் நம்பமாட்டார். உண்மையைச் சொல்கிறவனுக்கு நஷ்டம், மறைக்கிறவனுக்கு லாபம் என்று ஆகிவிட்டால் எந்தச் சந்தை நிற்கும்? பழைய துணிமணிக்கென்றே பேர்பெற்ற அமெரிக்க ஆப் பாஷ்மார்க் 2021ல் இந்தியாவுக்கு வந்தது. 2023லேயே மூட்டையைக் கட்டிவிட்டது. அவர்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நமக்கு ஒரு வாசல் அடைபட்டது.

ஒரு கோட்டுக்கு இவ்வளவு புலம்பலா என்று கேட்காதீர்கள். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் ஆகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். அந்தத் துணிக்கு ஏற்றுகிற சாயம் நொய்யல் ஆற்றை என்ன பாடுபடுத்தியது என்று நாம் பார்த்தோம். 2011ல் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குப் போனது. அவ்வளவு தண்ணீரையும் ஒரு ஆற்றையும் குடித்துவிட்டு வந்த துணி, கிழியாமல் கறைபடாமல் பீரோவில் கிடக்கிறது. அதைப் போட்டுக்கொள்ள ஆளும் இருக்கிறது. நடுவில் நம்பிக்கை மட்டும் இல்லை.

ஆப் நடத்துகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: புகார் வந்தால் ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்க்கட்டும். விற்கிறவர்களே, கறையை மறைக்காதீர்கள், உங்கள் துணியை நீங்களே போட்டோ எடுங்கள். வாங்குகிறவர்களே, பேசிய விலையைக் கொடுங்கள், வருகிறேன் என்றால் வாருங்கள். வேண்டாம் என்றால் ‘வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிடுங்கள். வாங்காவிட்டால் வருத்தமில்லை, பதில் மட்டும் சொல்லுங்கள்.