வேகத்தைப் பெருக்கியாச்சு, கரண்ட் போனா?

"அன்னைக்கு டயல்-அப்ல 56, இன்னைக்கு ஃபைபர்ல 100. எங்கயோ போயிட்டோம்ல!" வெளிநாட்டுல நம்ம ஆளுங்க நாலு குடும்பம் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டா, பருப்பு வடை தீர்றதுக்குள்ள இந்தப் பேச்சு வந்துடும். நெட்வொர்க் வேலையில குப்பை கொட்டுறவன்ங்கிறதால எனக்கு உடனே வாய் அரிக்கும்.

முதல்ல கணக்கைச் சரியாப் போடுவோம். 1998-ல வந்த வி.90 மோடத்தோட உச்சம் நொடிக்கு 56 கிலோபிட். அது பிட், பைட் இல்ல. 8 பிட் சேர்ந்தாத்தான் 1 பைட். ஆக நொடிக்கு 7 கிலோபைட். 5 மெகாபைட் பாட்டு ஒண்ணு இறங்க 12 நிமிஷம் (நடுவுல யாரும் ஃபோனை எடுக்காம இருந்தா!). ஃபைபர்ல 100 மெகாபிட்னா நொடிக்கு 12.5 மெகாபைட். அதே பாட்டு அரை நொடிக்குள்ள வந்துடும். கிட்டத்தட்ட 1,800 மடங்கு. விளம்பரத்துல 100-ஐப் பார்த்துட்டு 100 மெகாபைட்னு நினைச்சு ஏமாறாதீங்க, 8-ஆல வகுங்க. அந்த 100-க்குப் பக்கத்துல பொடி எழுத்துல இருக்கிற 'வரை'யையும் சேர்த்துப் படிங்க.

இதுவரைக்கும் சண்டை இல்ல. இந்த 1,800-ஐ வச்சு ஊரோட முன்னேற்றத்தை அளக்கிறீங்க பாருங்க, அங்கதான் சண்டை.

கேரளா, இணையம் குடிமக்களோட அடிப்படை உரிமைன்னு அறிவிச்ச மாநிலம். 2023 ஜூன் 5-ல கே-ஃபோன் ஃபைபர் திட்டத்தைத் தொடங்கினாங்க. அப்போ ஆரம்பத் திட்டமே 20 மெகாபிட், மாசம் 299 ரூபாயா இருந்தது. நல்ல விஷயம், மனசாரப் பாராட்டலாம். ஆனா அந்தக் கேபிள் பெரும்பாலும் மின்வாரியக் கம்பத்துலதான் தொங்கிக்கிட்டுப் போகுது. பாலக்காட்டுல கொழிஞ்சாம்பாறை, சித்தூர் மாதிரி சமவெளியில இது பெரிய பிரச்சினை இல்ல. இடுக்கியில மூணாறு, மறையூர், வட்டவடைப் பக்கம் ஆனி, ஆடி மழையில ஒரு மரம் சாஞ்சா? கரண்ட்டும் கேபிளும் ஒண்ணாப் போகும்.

பழைய லேண்ட்லைன் ஃபோனுக்கு வீட்டுல கரண்ட் தேவையே இல்ல. எக்ஸ்சேஞ்சில இருக்கிற பேட்டரியில இருந்து 48 வோல்ட் அந்தச் செம்புக் கம்பி வழியாவே வரும். ஊரே இருட்டா இருந்தாலும் ரிசீவரை எடுத்தா டயல் டோன் கேட்கும். ஃபைபர்ல வர்றது வெளிச்சம். வீட்டுல இருக்கிற சின்னப் பொட்டிக்குக் கரண்ட் இல்லைன்னா நெட்டும் இல்ல, அதுல ஓடுற ஃபோனும் இல்ல. 1,800 மடங்கு கணக்குல இந்த இழப்பை யாரும் கழிச்சதே இல்ல.

'செம்பையே திரும்பக் கொண்டு வரச் சொல்றியா'ன்னு கேட்பீங்க. இல்லவே இல்ல. செம்பு களிம்பேறும், திருடு போகும், இடி இறங்கினா மோடம் கருகும். ஃபைபர்தான் சரி. அந்த ஃபைபர் மழை ராத்திரியில எத்தனை மணி நேரம் உயிரோட இருக்கும்னுதான் கேட்கிறேன்.

2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பக்கத்துல பெட்டிமுடியில மலை சரிஞ்சு தேயிலைத் தோட்ட லயங்கள் மேல விழுந்தது. 70 பேர் போனாங்க. பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், நம்ம சனம். மழையில கரண்ட் இல்ல, ஃபோன் தொடர்பும் இல்ல. வெளியுலகத்துக்குச் சேதி போனது மறுநாள் காலையில. முன்னாடியே தெரிஞ்சிருந்தா எத்தனை பேர் பிழைச்சிருப்பாங்கன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அந்த ராத்திரிக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு ஃபோன் கால். அதுக்கு 100 மெகாபிட் எதுக்கு? 56 கிலோபிட்டே தாராளம். அன்னைக்கு இருந்தது பூஜ்யம். பூஜ்யத்தை 1,800-ஆல பெருக்கிப் பாருங்க.

ஆகவே நாம கத்துக்க வேண்டிய கணக்கு வேற. '99 சதவீதம் சேவை உண்டு'ன்னு ஒரு கம்பெனி சொன்னா, கேட்க அருமையா இருக்கும். மாசத்துக்கு 720 மணி நேரம், அதுல 1 சதவீதம் 7 மணி நேரத்துக்கு மேல. அந்த ஏழு மணி நேரமும் ஒரே மழை ராத்திரியில வந்தாலும் அவங்க கணக்குல அது பாஸ்தான்!

மாசாமாசம் இங்க இருந்தே ஊரு வீட்டுக்கு நெட் பில் கட்டுறவங்க நாம. அடுத்த தடவை பிளானை மாத்தும்போது 'எத்தனை மெகாபிட்'னு மட்டும் கேட்காதீங்க. கரண்ட் போனா உங்க டவர் எத்தனை மணி நேரம் ஓடும், கேபிள் அறுந்தா எத்தனை நாள்ல ஒட்டுவீங்கன்னு கேளுங்க. பதில் சொல்லத் திணறினா, அந்தத் திணறல்தான் உண்மையான ஸ்பீடு. அப்படியே அம்மா அப்பாவுக்கு அந்தப் பொட்டிக்கு ஒரு சின்ன பேட்டரி பேக்கப்பும் வாங்கிக் கொடுத்துடுங்க. வேகத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.