வாடகை உயர்வும் ஒப்பந்த வாசகமும்

தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்தும் சட்டம், 2017, 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்தது முதல், வாடகையை எப்போது, எவ்வளவு உயர்த்தலாம் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பெருமளவு ஒப்பந்தம் எழுதுவோரிடம் வந்து சேர்ந்துள்ளது. 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், மனையின் சந்தை மதிப்பையும் தேய்மானம் கழித்த கட்டுமானச் செலவையும் வசதிகளின் மதிப்பையும் கூட்டி, அத்தொகையில் ஆண்டுக்குக் குடியிருப்புக்கு 9 விழுக்காடும் பிற பயன்பாட்டுக் கட்டடங்களுக்கு 12 விழுக்காடும் 'நியாய வாடகை' என்று வகுத்திருந்தது. பொறியாளர் அறிக்கை, குறுக்கு விசாரணை, மேல்முறையீடு என்று அவ்வழக்குகள் நீண்டபோதிலும், உயர்வுக்கு ஓர் அளவுகோல் சட்டத்திலேயே இருந்தது. புதிய சட்டத்தின் 9ஆம் பிரிவோ, வாடகைத் திருத்தம் ஒப்பந்தத்தின் நிபந்தனைப்படியே நிகழ வேண்டும் என்கிறது.

தேனி, போடி, கம்பம் வட்டாரங்களில் இன்றும் செல்வாக்குடன் விளங்கும் பதினோரு மாத ஒப்பந்தம் இந்த மாற்றத்துக்கு ஏற்பத் திருத்தப்பட வேண்டும் என்பதே இவ்விதழின் உறுதியான கருத்து. 'வாடகையை 10 விழுக்காடு உயர்த்தித் தர வேண்டியது' என்ற பழகிய வாசகம், எந்தத் தொகையின் மீது, எந்நாள் முதல், ஒவ்வோர் ஆண்டுமா அல்லது புதுப்பிக்கும்போது மட்டுமா என்ற மூன்று வினாக்களுக்கும் விடை தருவதில்லை. 8,000 ரூபாய் வாடகையில் தொடக்கத் தொகையின் மீதே ஆண்டுதோறும் உயர்வைக் கணக்கிட்டால் மூன்றாம் ஆண்டில் 9,600 ரூபாயும், நடப்பு வாடகையின் மீது கணக்கிட்டால் 9,680 ரூபாயும் ஆகும். குடியிருப்பில் சிறிதாகத் தோன்றும் இந்த வேறுபாடு, சின்னமனூரில் ஒரு வாழைக்காய் மண்டிக்கோ போடியில் ஓர் ஏலக்காய்க் கடைக்கோ ஒன்பது ஆண்டு ஒப்பந்தம் எழுதும்போது பெருந்தொகையாக வளர்ந்துவிடும். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம் உயர்வுக்கு மூன்று மாதம் முன்னதாக எழுத்துமூல அறிவிப்பு கோருகிறது. அது மாநிலங்களுக்கான முன்மாதிரி மட்டுமே என்பதால், அக்கால அளவை ஒப்பந்தத்திலேயே ஒரு நிபந்தனையாகச் சேர்ப்பது நல்லது.

2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கட்டடத்தை மேம்படுத்தியதற்காக வாடகையை உயர்த்த வேண்டுமாயின், வேலை தொடங்கும் முன்பே வாடகைதாரருடன் எழுத்துமூல உடன்பாடு வேண்டும். உயர்வும் வேலை முடிந்து ஒரு மாதம் கழிந்த பின்னரே நடைமுறைக்கு வரும். வெள்ளையடித்தல், கதவு சன்னல்களுக்கு வர்ணம் பூசுதல், மின்கம்பி மாற்றுதல் முதலியவை உரிமையாளரின் கடமைகளாகச் சட்டத்தின் அட்டவணையிலேயே இடம்பெற்றிருப்பதால், அவற்றைக் காட்டி வாடகை கூட்டிக் கேட்பது செல்லாது.

பூசல் எழுந்தால் வாடகையையும் அது செலுத்தத்தக்க நாளையும் நிர்ணயிக்குமாறு வாடகை அதிகாரியிடம், அதாவது துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அலுவலரிடம், இரு தரப்பாரும் விண்ணப்பிக்கலாம். உயர்வுக்கு இணங்காத குடும்பத்தின் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பதை 20ஆம் பிரிவு தடை செய்கிறது. கோடையில் குழந்தைகளும் முதியோரும் உள்ள வீட்டில் இது நிகழும்போது, கட்சிக்காரர் எத்தரப்பினராயினும் அதைத் தடுத்து நிறுத்துவது வழக்கறிஞரின் முதற்கடமை.

இச்சட்டத்தின் எல்லையையும் கவனத்தில் கொள்ள வேண்டும். அரசுக்குச் சொந்தமான கட்டடங்கள் விலக்குப் பெற்றவையாதலால் வைகை அணையின் அரசுக் குடியிருப்புகள் இதன் கீழ் வருவதில்லை. கோயில் கடைகளுக்கோ, இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-அ பிரிவின்படி, இணை ஆணையரை உள்ளடக்கிய குழு சந்தை வாடகையை ஒட்டி நியாய வாடகையை நிர்ணயிக்கிறது. மதுரை, தேனிப் பகுதிகளில் பரவலாக உள்ள ஒத்தி, மொத்தத் தொகையைக் கொடுத்து வாடகையின்றிக் குடியிருக்கும் அனுபவ அடமானமாதலால், அங்கே வாடகை உயர்வு என்ற பேச்சுக்கே இடமில்லை. எனினும் பதிவு செய்யாத வெள்ளைத்தாள் ஒத்தியில் தன் சேமிப்பு முழுவதையும் ஒப்படைத்த குடும்பத்தின் நிலை வாடகைதாரரின் நிலையைவிட இரங்கத்தக்கது.

நகராட்சி, பேரூராட்சி முதலிய நகர்ப்புறப் பகுதிகளுக்கே 2017ஆம் ஆண்டுச் சட்டம் உரியது என்பதால், ஆண்டிபட்டிப் பேரூராட்சிக்குப் பொருந்தும் விதி அதனை அடுத்த ஊராட்சிச் சிற்றூருக்குப் பொருந்தாது. அங்கே 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டமே ஆள்கிறது. அதன்படி உரிமையாளர் ஒருதலையாக வாடகையை உயர்த்த இயலாது, மாத வாடகைக் குடியிருப்பைப் பதினைந்து நாள் அறிவிப்பால் முடித்துக்கொண்டு புதிய வாடகைக்குப் புதிதாக ஒப்பந்தம் பேசவே இயலும். ஆகவே அறிவிப்பு எழுதும் முன் கட்டடம் எந்த உள்ளாட்சி எல்லையில் நிற்கிறது என்பதைச் சொத்து வரி ரசீதைக் கொண்டு உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது.