ஆறு நிமிட சல்சா ஹிட் ஆனது எப்படி? பதில் 1940-களின் நியூயார்க்கில் இருக்கு!

பாட்டு மூணு நிமிஷத்தைத் தாண்டினாலே 'ஸ்கிப்' பண்ணிடுற காலம் இது. ஆனால், 2025 ஜனவரியில் பேட் பன்னி வெளியிட்ட ஆல்பத்தில் ஆறு நிமிஷம் ஓடும் ஒரு சல்சா பாட்டு உலகம் முழுக்க ஹிட். 'பைலே இனோல்விதாப்ளே' என்ற அந்தப் பாட்டில் வாசித்தவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் இளம் இசைக் கலைஞர்கள். லேப்டாப்பிலேயே பாட்டை முடித்துவிடலாம் எனும்போது, எதற்கு இத்தனை பேர்?

பெயரிலேயே கெத்து!

கியூபாவில் பிறந்த மாரியோ பௌசா, நியூயார்க்கில் சிக் வெப், கேப் காலவே ஆகியோரின் ஜாஸ் பேண்டுகளில் டிரம்பெட் வாசித்தவர். ஜாஸ் பிக் பேண்டின் கம்பீரத்தையும் கியூபத் தாளத்தையும் சேர்க்க வேண்டும் என்பது அவர் கனவு. 1940-ல் அவர் மச்சான் மச்சீட்டோ தொடங்கிய பேண்டில் அது நிஜமானது. பேண்டின் பெயர், 'ஆஃப்ரோ-கியூபன்ஸ்'. நிறவெறி உச்சத்தில் இருந்த அமெரிக்காவில் அப்படிப் பெயர் வைக்கத் தனி தைரியம் வேண்டும். ஏனென்றால், அந்தத் தாளம் கியூபாவுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் விட்டுச்சென்ற சொத்து. 'லத்தீன்' என்ற லேபிளில் அது மறைந்துவிடுகிறது.

கால் ஏன் சும்மா இருக்க மாட்டேங்குது?

காரணம், 'கிளாவே'. ஒரு பக்கம் மூன்று, மறுபக்கம் இரண்டு என மொத்தம் ஐந்து அடிகள். அவை சம இடைவெளியில் விழாது. அதனால், அடுத்த அடி எப்போது விழும் என உடம்பு காத்துக்கொண்டே இருக்கும். காங்கா, திம்பாலெஸ், பியானோ, டிரம்பெட் எல்லாம் இந்தக் கணக்கை ஒட்டித்தான் ஓடும்.

இந்த இசைக்கு மன்ஹாட்டனில் ஒரு கோட்டை இருந்தது. 53-வது தெருவில் இருந்த பல்லேடியம் நடன அரங்கம்தான் அது. மச்சீட்டோ, டிட்டோ புயெந்தே, டிட்டோ ரோட்ரிகஸ் மூவரின் பேண்டுகளும் அங்கே போட்டி போட்டு வாசிக்கும். கறுப்பினத்தவர், போர்ட்டோ ரிக்கர்கள், இத்தாலியர்கள், யூதர்கள் எல்லாரும் ஒரே தரையில் மாம்போ ஆடினார்கள். 'நல்லா ஆடுவியா?' என்பதுதான் அங்கே முக்கியம்.

1966-ல் பல்லேடியம் மூடப்பட்டது. ஆனால், மெட்டுகள் ஓயவில்லை. புயெந்தேயின் 'ஓயே கோமோ வா' 1971-ல் சந்தானாவால் ராக் ஹிட் ஆனது. பெரெஸ் பிராடோவின் 'மாம்போ நம்பர் 5' 1999-ல் லூ பேகாவின் பாப் ஹிட் ஆனது. என்ன சிக்கல்னா, மெட்டு உலகம் சுற்றியது. அதை உருவாக்கியவர்களின் பெயர் பின்னால் போய்விட்டது.

பேட் பன்னி அதைத்தான் திருப்பிப் போடுகிறார். போர்ட்டோ ரிக்கோவில் வீட்டு விலை ஏறுகிறது, உள்ளூர்க்காரர்கள் வெளியேறுகிறார்கள். ஆல்பம் பேசுவதும் அந்த வலியைத்தான். 2025-ல் சான் ஹுவானில் அவர் நடத்திய தொடர் கச்சேரிகளில் முதல் ஒன்பது, தீவில் வசிப்பவர்களுக்கு மட்டும்!

ஒரு சல்சா பேண்ட் வாசிக்க, ஆட்கள் ஊரில் இருக்கணும். சொல்லிக்கொடுக்க மூத்தவர்கள் இருக்கணும். ஆட ஒரு தரை இருக்கணும். ஊர் காலியானால், இது எதுவும் மிஞ்சாது. அடுத்த முறை அந்தப் பாட்டை 'ஸ்கிப்' பண்ணாமல் கேளுங்கள். வாசிப்பது, ஊரைவிட்டுப் போக விரும்பாத ஒரு கூட்டம்.