பரபக்கம் அறிந்த மண்

1879-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் தம் நிருபத்தால் உயிர்ப்பித்த அக்குவினா தோமையாரின் தத்துவம் தமிழ் மண்ணுக்கு ஒட்டாத அந்நியச் சரக்கு என்று வாதிடும் நண்பர், நம் விக்கிரமங்கலத்தின் சோழர் காலப் புத்தர், தீர்த்தங்கரர் சிலைகளை ஒருமுறை கண்டிருந்தால், சமயவாதம் இங்கே புதிதன்று என்பதை உணர்ந்திருப்பார். எதிரியின் ஆட்சேபங்களை முதலில் வரிசையாக வைத்து, பின்னர்த் தம் சித்தாந்தத்தை நாட்டி, இறுதியில் அவ்வாட்சேபங்களை ஒவ்வொன்றாக மறுக்கும் தோமையாரின் முறைக்கும், பரபக்கம் (பிறர் கொள்கை) கூறிய பின்னரே சுபக்கம் (தம் கொள்கை) கூறும் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் முறைக்கும் உள்ள ஒற்றுமையை (தோமையாரும் சித்தியாரின் ஆசிரியர் அருணந்தி சிவாசாரியாரும் 13-ஆம் நூற்றாண்டினர்) அவர் கவனிக்கவே இல்லை. லத்தீன் பாடங்களை உருப்போட வைத்த குருமடங்களை அவர் சாடுவது நியாயமே. அது போதித்தவர் குற்றமேயன்றித் தோமையார் குற்றமாகாது. தோமையாரின் தர்க்கத்தைப் பதினேழாம் நூற்றாண்டிலேயே தத்துவ போதக சுவாமிகள் எனப்பட்ட ராபர்ட் தெ நொபிலி ‘ஆத்தும நிருணயம்’ என்று தமிழ் வசனத்தில் எழுதி வைத்தாரே, அதற்கு நண்பர் என்ன சமாதானம் சொல்வார்?