சுவரில் மாட்ட வேண்டிய இன்னொரு பெட்டி

போன மாதம் எங்கள் அடுக்ககக் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தேன். தோற்றுவிட்டது. ஆதரவாகக் கை தூக்கியவர்கள் மூன்றே பேர். அதில் ஒருவர் என் மனைவி.

தீர்மானம் பெரிதாக ஒன்றுமில்லை. வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்தில் ஏ.இ.டி. என்கிற கருவி ஒன்றை வாங்கி மாட்டுவோம் என்றேன். திடீரென்று துடிப்பு தாறுமாறாகிச் சுருண்டு விழுந்தவரின் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்து மீட்கும் சின்னப் பெட்டி அது. விலை சுமார் ஒரு லட்சம் ரூபாய். அதே கூட்டத்தில் நுழைவாயில் வளைவுக்கு அதைவிட மூன்று மடங்கு செலவு செய்ய ஐந்து நிமிஷத்தில் ஒப்புதல் கிடைத்தது.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று சொல்லிவிடுகிறேன்.

சிட்லபாக்கம் ஏரிக்கரையில் காலையில் நடக்கும் எங்கள் கோஷ்டியில் ஏழு பேர் இருந்தோம். இப்போது ஆறு. அன்றைக்கு அவர் பேரன் பள்ளிக்கூடக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தார். பாதி வாக்கியத்தில் நின்றார், விழுந்தார். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். ஒருவர் உள்ளங்காலைத் தேய்த்தார். யாரோ ஓடிவந்து கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். நான் 108-க்குப் போன் செய்தேன். வண்டி வர 18 நிமிஷம் ஆயிற்று. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்து ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த 18 நிமிஷமும் நாங்கள் ஆறு பேரும் சுற்றி நின்றோம். நெஞ்சில் கை வைத்து அழுத்த ஒருவருக்கும் தெரியவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மாரடைப்பு வேறு, இதயம் திடீரென்று நிற்பது வேறு. முன்னது குழாய் அடைப்பு. பின்னது கரண்ட் கோளாறு. 34 வருஷம் எலெக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸில் இருந்தவனுக்கு இது சட்டென்று புரிந்தது. இதயத்தின் மின்னோட்டம் குழம்பி, தசை துடிக்காமல் வெறுமனே நடுங்குகிறது. அப்போது ஒரு ஷாக் கொடுத்தால் குழப்பம் அடங்கி, பழைய தாளம் திரும்ப வாய்ப்பு உண்டு. ஒன்றும் செய்யாமல் கழியும் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 18 நிமிஷத்துக்கு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இனி கூட்டத்தில் எழுந்த ஆட்சேபணைகள்.

"டாக்டர் செய்ய வேண்டியதை நாம செஞ்சு, ஏதாவது ஆயிட்டா?" என்றார் செயலாளர். ஐயா, சினிமாவில் டாக்டர் இரண்டு இஸ்திரிப் பெட்டிகளைத் தேய்த்து வைப்பாரே, அது இல்லை இது. மூடியைத் திறந்து இயக்கினால் கருவியே பேசும். படத்தில் காட்டியபடி இரண்டு பட்டைகளை வெற்று மார்பில் ஒட்டினால், இதயத்தின் நிலையை அதுவே பார்க்கும். ஷாக் தேவை என்றால்தான் கொடுக்க விடும். தேவையில்லை என்றால் நீங்கள் எத்தனை முறை பொத்தானை அமுக்கினாலும் கொடுக்காது. நம்மூர் மின்விசிறி ரெகுலேட்டரை விட இதில் பொறுப்பு அதிகம்.

சிகாகோ விமான நிலையங்களில் 1999-லிருந்து இதை மாட்டி வைத்தார்கள். இரண்டு வருஷத்தில் 18 பேருக்கு இந்த நடுக்கம் வந்தது. 11 பேர் மீட்கப்பட்டார்கள். அந்த 11-ல் 6 பேரை மீட்டவர்கள் இந்தக் கருவியை இயக்கப் பயிற்சியே பெறாதவர்கள். அதில் மூன்று பேர் டாக்டர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது கேட்பீர்கள். ஜப்பானில் 2004 முதல் பொதுமக்களே இதைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளைப் பார்க்க சிங்கப்பூர் போனவர்கள் வீவக அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் பக்கம் பார்த்திருப்பீர்கள். இரண்டு பிளாக்குக்கு ஒன்று என்ற கணக்கு.

அடுத்த ஆட்சேபணை: "போலீஸ் கேஸ் ஆயிடும் சார்." சாலை விபத்தில் உதவுகிறவர்களுக்கு 2016-ல் உச்ச நீதிமன்றமும், 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தமும் பாதுகாப்புக் கொடுத்திருக்கின்றன. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவருக்கு உதவுகிறவரையும் அதே தெளிவோடு காக்க ஒரு சட்டம் வரவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நல்லெண்ணத்தோடு, ஒருவரின் நன்மைக்காகச் செய்தது குற்றமாகாது என்று 1860-ன் பழைய தண்டனைச் சட்டமே 92-வது பிரிவில் சொன்னது. புதிய சட்டத்திலும் அது இருக்கிறது. அதோடு, மூச்சும் துடிப்பும் நின்றவரை நாம் இன்னும் மோசமாக என்ன செய்துவிட முடியும்?

மூன்றாவது ஆட்சேபணை நியாயமானது. "வாங்கி மாட்டிட்டு மறந்துடுவோம்." உண்மை. பேட்டரிக்கும் பட்டைகளுக்கும் ஆயுள் உண்டு. காலாவதியான பெட்டி சுவருக்கு அலங்காரம்தான். மாதம் ஒருநாள் பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும். அந்த வேலையை நானே செய்கிறேன் என்றேன். சிரித்தார்கள்.

நான் வேலை பார்த்த ஒவ்வொரு ஸ்விட்ச் ரூமிலும் ஷாக் அடித்தவருக்கு முதலுதவி செய்யும் முறை படம் போட்டுத் தொங்கும். விதிப்படி தொங்கியே ஆகவேண்டும். குப்புறப் படுக்க வைத்து முதுகை அழுத்தும் அந்தக் காலத்து முறை. இன்று அது வழக்கத்தில் இல்லை. ஆனாலும் பக்கத்தில் இருக்கும் தொழிலாளிதான் முதலில் கை கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்கே விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. தீயணைப்புக் கருவியை மாட்டும்போது "தீயணைப்பு நிலையம் இருக்கே" என்று யாரும் கேட்பதில்லை. இதற்கு மட்டும் ஏன் "108 இருக்கே" என்கிறோம்?

அரசையும் கேட்கத்தான் வேண்டும். 2023-ல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தால் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் கிடைக்கின்றன. நல்ல காரியம். ஆனால் மாத்திரையை விழுங்க ஆள் கண் திறந்திருக்க வேண்டும். அடுத்த முறை தாம்பரம் ரயில் நிலையத்துக்கோ கிளாம்பாக்கம் பேருந்து முனையத்துக்கோ போனால், ஏ.இ.டி. எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். நாலு பேர் கேட்டால் ஒரு போர்டாவது வரும். மெப்ஸ் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் உங்கள் பிள்ளைகளையும் கேட்கச் சொல்லுங்கள்.

பெட்டி வரும்வரை கை இருக்கிறது. கூப்பிட்டால் அசைவில்லை, மூச்சும் சரியில்லை என்றால், முதலில் 108. அடுத்து மார்பின் நடுவில் இரண்டு கையையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இரண்டு அங்குலம் இறங்கும்படி, நிமிஷத்துக்கு 100-லிருந்து 120 தடவை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். முட்டி வலித்தால் பக்கத்தில் நிற்பவரை மாறச் சொல்லுங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தீர்மானத்தை மறுபடியும் வைக்கப் போகிறேன். இந்த முறை பேச்சு அதிகம் இல்லை. கைக்கடிகாரத்தை மேஜைமேல் வைத்து, 18 நிமிஷம் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருப்போம் என்று கேட்டுக்கொள்ளப் போகிறேன். அதற்கப்புறம் கை தூக்கட்டும்.