வெறுப்புப் பேச்சுச் சட்டத்தைத் திருத்தக் கோரும் மனு

பெறுநர்:
கௌரவ நீதி மற்றும் தேசிய ஒருமைப்பாட்டு அமைச்சர், கொழும்பு.

பிரதிகள்: சட்டமா அதிபர், பொலிஸ் மா அதிபர், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு.

விடயம்: 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க, குடியியல் மற்றும் அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச சமவாயச் சட்டத்தின் 3ஆம் பிரிவைத் திருத்துதல்.

கௌரவ அமைச்சர் அவர்களே,

எழுத்தாளர்கள், ஆசிரியர்கள், சட்டத்தரணிகள் அடங்கிய எங்கள் சங்கம் இம்மனுவைத் தங்கள் மேலான கவனத்துக்குச் சமர்ப்பிக்கிறது. ஓர் இனத்துக்கோ மதத்தினருக்கோ எதிராக வன்முறையைத் தூண்டும் பேச்சை அரசு தடைசெய்ய வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் கருத்து இல்லை. 1980இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சர்வதேச சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை அதை அரசின் கடமையாகவே விதிக்கிறது. அக்கடமையை நிறைவேற்றப் பிறந்த 3ஆம் பிரிவு, தூண்டியவர்களைத் தொடத் தயங்கி, எழுதியவர்களைச் சிறைக்கு அனுப்பியிருக்கிறது என்பதே எங்கள் முறைப்பாடு.

தடை ஏன் தேவை என்பதற்கு இந்நாட்டின் அண்மைக்கால வரலாறே சான்று. 2014 ஜூன் மாதம் அளுத்கமையில் பௌத்த தேசியவாத அமைப்பான பொதுபல சேனா நடத்திய கூட்டத்தைத் தொடர்ந்து முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன, உயிர்கள் பறிபோயின. 2018 மார்ச்சில் திகனையிலும் கண்டி மாவட்டத்தின் பிற இடங்களிலும் அதே கொடுமை நடந்தபோது, சமூக ஊடகங்களில் பரவிய அழைப்புகள் கும்பல்களைத் திரட்டின. அவசரகால நிலையைப் பிரகடனம் செய்த அரசு, சமூக ஊடகங்களையும் முடக்கியது. தவறான பேச்சுக்கு நல்ல பேச்சே பதில், தடை வேண்டாம் என்று சொல்வோர் உண்டு. விவாதம் நடக்கும் இடத்தில் அது சரி. கும்பல் தெருவுக்கு வந்துவிட்ட பின்னர், கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கும் குடும்பம் எந்தப் பேச்சால் பதில் சொல்லும்?

ஆனால் சட்டம் நடைமுறையில் யாரைப் பிடித்தது? 2019 ஏப்ரலில், பௌத்த பிக்குகளின் முறைப்பாட்டின் பேரில், ஒரு சிறுகதைக்காக எழுத்தாளர் சக்திக சத்குமார கைதாகி நான்கு மாதங்களுக்கு மேல் மறியலில் இருந்தார். அடுத்த மாதம், ஆடையில் இருந்த கப்பல் சுக்கானின் படத்தைத் தர்மச்சக்கரம் என்று கருதி ஹசலகையில் ஒரு முஸ்லிம் பெண் கைதுசெய்யப்பட்டார். 2020இல் றம்ஸி ராஸிக் என்பவர், வெறுப்புப் பிரசாரத்தை எழுத்தால் எதிர்கொள்ளுமாறு முகநூலில் எழுதியதற்காக ஐந்து மாதங்கள் அடைபட்டிருந்தார்; அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2023இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதற்கு மாறாக, அளுத்கமை வன்முறைக்கு முன் நிகழ்த்தப்பட்ட உரைகளுக்காக எவரும் இப்பிரிவின் கீழ் தண்டிக்கப்படவில்லை.

பிரிவின் வாசகம் பாரபட்சம், பகைமை, வன்முறை ஆகியவற்றைத் தூண்டும் வெறுப்பையே குற்றமாக்குகிறது. அந்த அளவுகோலை முதலில் பிரயோகிப்பவர் முறைப்பாட்டைப் பதியும் பொலிஸ் அதிகாரி. அவர் முன்னே நிற்பது பெரும்பாலும் செல்வாக்குள்ள ஒரு குழு. கைதானவருக்கு நீதவான் பிணை வழங்க முடியாது; விதிவிலக்கான சூழ்நிலையில் மேல் நீதிமன்றமே வழங்கலாம். எனவே வழக்கு நிற்காது என்று பின்னர் தெரிந்தாலும் தண்டனை முன்கூட்டியே அனுபவிக்கப்பட்டுவிடுகிறது. கைதுக்கும் மறியலுக்கும் தடையில்லாத சட்டம், செல்வாக்குள்ளவர்களின் கையில் சிறுபான்மையினருக்கும் மாற்றுக் கருத்தாளருக்கும் எதிரான ஆயுதமாகிறது.

நாங்கள் கீழே கோருவதுபோல் வரையறையை இறுக்கினால் மத அவமதிப்புகள் தப்பிவிடும் என்று ஆட்சேபிக்கலாம். மனம் புண்படுவது உண்மையான வலிதான். ஆனால் ஒரு நம்பிக்கையை விமர்சிப்பதும், அந்நம்பிக்கையுடைய மனிதரைத் தாக்கத் தூண்டுவதும் ஒன்றல்ல. புண்பட்ட மனதையே குற்றத்தின் அளவுகோலாக்கினால் யார் அதிகமாகத் திரள்கிறார்களோ அவர்களுடைய மனமே சட்டமாகும். கைதுக்கு முன் நாங்கள் கோரும் சட்டமா அதிபரின் அனுமதிக்குக் காத்திருந்தால் கலவரம் முந்திக்கொள்ளும் என்பது அடுத்த ஆட்சேபம். சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் அதிகாரம் பொலிஸாரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதை உடனே பயன்படுத்தட்டும். நிதானம் தேவைப்படுவது, ஒருவரை இச்சட்டத்தின் கீழ் கைதுசெய்து வழக்குத் தொடரும்போதுதான்.

ஆகவே பின்வருவனவற்றைக் கோருகிறோம்:

1. ஐ.நா.வின் 2012ஆம் ஆண்டு ரபாத் செயற்திட்டம் கூறும் ஆறு அளவுகோல்களை, அதாவது சூழல், பேசியவரின் நிலை, நோக்கம், உள்ளடக்கமும் வடிவமும், பரவல், தீங்கு நேரும் சாத்தியம் ஆகியவற்றை, 3ஆம் பிரிவிலேயே சேர்க்க வேண்டும்.

2. சட்டமா அதிபரின் எழுத்து மூல அனுமதியின்றி இப்பிரிவின் கீழ் கைதோ வழக்கோ கூடாது. அனுமதிக்கும் மறுப்புக்கும் காரணங்கள் வெளியிடப்பட வேண்டும்.

3. பிணை வழங்கும் அதிகாரம் நீதவானுக்கு அளிக்கப்பட வேண்டும்.

4. இலக்கியம், கலை, ஆய்வு, மத விமர்சனம் ஆகியவற்றுக்கு வெளிப்படையான பாதுகாப்பு எழுதப்பட வேண்டும்.

5. இப்பிரிவின் கீழான முறைப்பாடுகள், கைதுகள், தீர்ப்புகள் பற்றிய விபரங்களை ஆண்டுதோறும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். வன்முறைக்கு முந்திய பேச்சுகள் விசாரிக்கப்படாதிருந்தால் அதற்கான காரணமும் அதில் இடம்பெற வேண்டும்.

இத்திருத்தங்கள் குறித்துத் தங்களைச் சந்தித்து விளக்க ஒரு நாள் ஒதுக்கித் தருமாறும், வரைவு தயாரிக்கும் குழுவில் சிறுபான்மைச் சமூகங்களின் பிரதிநிதிகளைச் சேர்க்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்