சுண்ணாம்புக் கரையில் ஒரு சுடுநீர் ஹீட்டர்



கரைத்தீவிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். விபுலாநந்த அடிகள் பிறந்த கிழக்கின் காரைதீவு அல்ல இது. புத்தளத்துக்கு வடக்கே, வனாத்தவில்லுப் பக்கத்துக் கரையோரக் கிராமம். உம்மாவுக்கு முழங்கால் வலி. மார்கழி, தை மாதங்களில் அதிகாலை ஸுபஹுத் தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவி வுழூச் செய்யப் பச்சைத் தண்ணீரில் கை வைக்க முடியவில்லை என்று காசு சேர்த்து ஒரு ஹீட்டர் வாங்கியிருக்கிறார்கள். இரண்டாவது வருடத்திலேயே எலிமென்ட் எரிந்துவிட்டது. புதிதாகப் போட்டதும் நீடிக்கவில்லை. "சாமான் சரியில்லையா, பூட்டியவர் சரியில்லையா?" என்று கேட்கிறார்.

சகோதரி, எனக்குத் தெரிந்தவரை இரண்டுமில்லை. உங்கள் தண்ணீரில்தான் காரணம் இருக்கிறது.

அருவக்காட்டில் வெட்டும் சுண்ணாம்புக்கல் ரயிலேறிப் புத்தளம் சீமெந்துத் தொழிற்சாலைக்குப் போவதை உங்கள் பக்கத்தார் நெடுங்காலமாகப் பார்த்து வருகிறார்கள். புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணம் வரை வடமேற்குக் கரையோரமாக நிலத்துக்கு அடியில் ஓடும் மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறை அது. கடலுக்கு அடியில் சிப்பியும் பவளமும் படிந்து கல்லானது. மழைத் தண்ணீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு அந்தக் கல்லினூடே இறங்கும்போது கல்லைச் சிறிது சிறிதாகக் கரைத்து எடுத்துக்கொள்கிறது. கிணற்றில் அள்ளும்போது கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. சூடாக்கினால் அந்த வாயு வெளியேறிவிடும், கரைந்திருந்த சுண்ணாம்பு மறுபடி கல்லாகிவிடும். சீனியும் உப்பும் சுடுதண்ணீரில் கூடுதலாகக் கரையும். சுண்ணாம்பு அதற்கு நேர்மாறு, சூடு கூடக் கூட வெளியே வந்து படியும். தாங்கிக்குள் ஆகச் சூடான இடம் எலிமென்ட், ஆகவே முதலில் படிவதும் அதன்மேல்தான்.

"சுண்ணாம்பு படிந்தால் கரண்ட் பில் ஏறும்" என்று பலரும் சொல்வார்கள். காஸ் ஹீட்டரில் படிவால் காஸ் வீணாவது உண்மை, தண்ணீருக்குள் போகாத சூடு புகையோடு போய்விடும். தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும் மின் எலிமென்டின் சூடோ கடைசியில் தண்ணீருக்குள்தான் போக வேண்டும். 28 பாகையில் இருக்கும் 50 லீட்டர் தண்ணீரை 58 பாகைக்குக் கொண்டுபோக ஏறக்குறைய 1.75 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் எலிமென்ட் அதைச் செய்ய ஐம்பது நிமிடத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். படிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தக் கணக்குப் பெரிதாக மாறாது. மாறுவது எலிமென்டின் சூடுதான். செம்பைவிட நூறு மடங்குக்கும் மேல் குறைவாகச் சூட்டைக் கடத்தும் ஒரு கல் உறைக்குள் அது மாட்டிக்கொள்கிறது. சூட்டை வெளியே தள்ள முடியாமல் தானே காய்ந்து, ஒரு நாள் வெடித்துவிடும். அதனால் பில்லைப் பார்த்து இந்த நோயைப் பிடிக்க முடியாது, காது கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். ஹீட்டர் வேலை செய்யும்போது உள்ளே படபடவென்றோ குமுறலாகவோ சத்தம் வந்தால், படிவுக்கு அடியில் அகப்பட்ட தண்ணீர் ஆவியாகிக் கொப்புளிக்கிறது என்று அர்த்தம். அப்போதே திறந்து பார்த்தால் எலிமென்டைக் காப்பாற்றலாம்.

எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை திறப்பது? வருடத்துக்கு ஒரு தடவை என்று பெட்டிக்குள் வரும் புத்தகம் சொல்லும். அந்தப் புத்தகம் உங்கள் கிணற்றைப் பார்த்து எழுதியதல்ல. லீட்டருக்கு 180 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புக் கடினம் இருந்தாலே மிகக் கடினமான தண்ணீர் என்பார்கள். ஒரே ஊரிலேயே மணலில் தோண்டிய ஆழமில்லாத கிணறு ஒரு மாதிரி இருக்கும், கற்படையைத் தொடும் குழாய்க் கிணறு வேறு மாதிரி இருக்கும். பரிசோதனைக்கு அனுப்ப முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அடுப்படியில் உள்ள கேத்தலைப் பாருங்கள். நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டு, அதே தண்ணீரைக் காய்ச்சி வாருங்கள். ஒரு மாதத்துக்குள் அடியில் வெள்ளைப் படை கட்டினால் ஹீட்டரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறக்க வேண்டும். நாலைந்து மாதமாகியும் மெல்லிய தூள்தான் என்றால் வருடத்துக்கு ஒரு முறை போதும். இது என் சொந்தக் கணக்கு, ஆனால் உங்கள் தண்ணீரை வைத்துப் போடும் கணக்கு.

திறக்கும் வேலையை எலெக்ட்ரீசியனிடம் விடுங்கள். முதலில் மெயினை நிறுத்த வேண்டும், தண்ணீர் ஆற வேண்டும், பிறகு தாங்கியை வடிக்க வேண்டும். எலிமென்டில் கட்டியிருப்பதைக் கத்தியால் சுரண்ட விடாதீர்கள். உறையில் கீறல் விழுந்தால் அதனூடே தண்ணீர் உள்ளே போய்க் கரண்ட் கசியும். வினாகிரியில் ஊறவைத்தால் போதும். சிட்ரிக் அமிலத் தூள் கிடைத்தால் ஒரு லீட்டர் சுடுநீருக்கு இரண்டு மூன்று மேசைக்கரண்டி கரைத்து ஊறவைக்கலாம். நுரை தள்ளித் தானாகவே கழன்று வரும். கழிப்பறை கழுவும் அமிலத்தைத் தாங்கிக்குள் ஊற்றவே கூடாது, உள்பூச்சையும் உலோகத்தையும் அது தின்றுவிடும். எந்த அமிலத்தையும் குளோரினோடு கலக்கவும் கூடாது, நச்சு வாயு வரும். எர்த் சரியாக இருக்கிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்பதையும் அதே நாளில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்தது மெக்னீசியம் கம்பி. உள்ளே பூச்சுப் பூசிய இரும்புத் தாங்கி என்றால் அநேகமாக இந்தக் கம்பியோடுதான் வரும். வாங்கிய பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கடலுக்குப் போகிறவர்களுக்கு மட்டும் இதை விளக்க வேண்டியதில்லை. வெளியிணைப்பு இயந்திரத்தின் கால் பக்கத்தில் ஒரு உலோகத் துண்டு பூட்டியிருக்குமே, உப்புத் தண்ணீர் அதை அரித்துக்கொண்டு இயந்திரத்தை விட்டுவைக்குமே, அதே வேலைதான் இதற்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கில விஞ்ஞானி போர்க்கப்பல்களின் அடியில் அறைந்த செப்புத் தகட்டைக் காப்பாற்ற இரும்பும் துத்தநாகமும் வைத்துப் பார்த்தார். செம்பு அரிக்கப்படவில்லை. ஆனால் செம்பு கரையாததால் அதன் நஞ்சும் நீங்கிப்போய், சிப்பியும் பாசியும் கப்பலில் ஒட்டிக்கொண்டன. கடற்படை அந்த முறையைக் கைவிட்டது. டேவி கண்ட வழி மட்டும் இன்று நம் குளியலறைச் சுவர் வரை வந்திருக்கிறது.

கரையோரத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், தண்ணீரில் உப்பு ஏற ஏற இந்தக் கம்பி வேகமாகக் கரையும். மழை ஓய்ந்து கிணறு உவர்க்கும் மாதங்களில் இன்னும் வேகம். கம்பி முழுதாகக் கரைந்த பிறகு உப்பு தாங்கியின் இரும்பைத் தின்னத் தொடங்கும். எலிமென்ட் எரிந்தால் மாற்றலாம், தாங்கி ஓட்டையானால் முழு ஹீட்டரையும் தூக்கி எறியத்தான் வேண்டும். ஆகவே எலிமென்டுக்காகத் திறக்கும்போதே கம்பியையும் இழுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். துருப்பிடிக்காத தாங்கி என்று விற்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். உவர்த் தண்ணீரில் அதுவும் ஊசித் துளையாகத் துளைத்துப்போகும்.

பிரஷர் வால்வு பற்றிச் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை. தாங்கியின் பக்கத்தில் சிறு பிடியோடு இருக்கும். தண்ணீர் சூடாகி விரியும்போது இரண்டு சொட்டு விழுவது இயல்பு. ஈரமாகிறதே என்று சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பழுதாகும் நாளில், தாங்கி வெடிக்காமல் காக்கக் கடைசியாக இருப்பது அந்த வால்வுதான். சுண்ணாம்பு அதையும் இறுக்கிவிடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பிடியைத் தூக்கித் தண்ணீர் சீறி வருகிறதா என்று பாருங்கள். வரும் தண்ணீர் சுடும், கையை விலக்கி வையுங்கள்.

சூட்டை 60 பாகையில் வையுங்கள். அதற்கு மேலே போனால் படிவு விறுவிறுவென்று கூடும். மிகவும் தாழ்த்தி வெதுவெதுப்பாகவே விட்டாலும் கெடுதி உண்டு. 1976இல் பிலடெல்பியாவில் நிமோனியாவாகப் பரவி உயிர்களைக் கொன்ற லீஜனெல்லா கிருமி, 20 முதல் 45 பாகை வரையான தண்ணீரில் நன்றாகப் பெருகும். 60 பாகைத் தண்ணீர் சில வினாடியிலேயே தோலைப் பொசுக்கிவிடும். ஆகவே வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், அதன்மேல் சுடுதண்ணீர், பிறகு நீங்கள் கை வைத்துப் பார்த்துவிட்டு உம்மாவிடம் கொடுங்கள்.

கற்பிட்டிப் பக்கம் விருந்தினர் விடுதி நடத்துகிறவர்கள் கூரையில் வைக்கும் சூரிய ஹீட்டருக்கும் இதே தண்ணீர்தான், இதே படிவுதான். அங்கேயும் அநேகமாக ஒரு மெக்னீசியம் கம்பி இருக்கும், கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் கரையோர வாசகர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் ஊர், கிணறா குழாய்க் கிணறா, ஹீட்டரின் எலிமென்டும் மெக்னீசியம் கம்பியும் எத்தனை மாதம் தாக்குப்பிடித்தன என்று ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். கரைத்தீவு, சேராக்குளி, கற்பிட்டி, மன்னார் என்று ஊர் ஊராகப் பிரித்து இந்தப் பக்கத்திலேயே அச்சிடுகிறேன். அடுத்ததாக ஹீட்டர் வாங்கப் போகிறவர் கடைக்குப் போகும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு போகட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்